கொடுத்தவர் ஒருவர், காப்பவர் நாம்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புத்தகங்களைப் பற்றிப் பேசும் இந்த மேடையில் மெட்டல் இசையைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டபோது, அவைத் தலைவர் அவர்கள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தச் சத்தத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" நியாயமான கேள்வி. அதற்கும் பதில் சொல்கிறேன். அந்த இசையைக் காசு வாங்காமல் கொடுத்த ஒருவருக்கு, வாங்கிக்கொண்ட நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் சொல்கிறேன். என் பேச்சின் நோக்கம் இரண்டாவதுதான்.

2010ஆம் ஆண்டின் கடைசியில், என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் ஹெட்போனை என் கையில் கொடுத்தார். "அண்ணே, இதைக் கொஞ்சம் கேளுங்க. பாட்டு கிடையாது, வெறும் இசைதான். கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஒரே ஆள் பண்ணினது" என்றார். கேட்டேன். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மலையைப் புரட்டுவதுபோல் இருந்தது. ஒரே ஆள் என்பதை நம்ப முடியவில்லை. அன்று இரவே இணையத்தில் அந்த ஆல்பத்தின் பக்கத்தைத் தேடிப் போனேன். விலை போட வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. நீங்கள் விரும்பும் தொகையை நீங்களே எழுதலாம். ஒன்றும் தராமலும் எடுத்துக்கொள்ளலாம். நான் பூஜ்யம் என்று தட்டினேன். ஆல்பம் முழுவதும் என் கணினிக்கு வந்துவிட்டது.

அந்த ஆல்பத்தின் பெயர் 'பீக்கன்ஸ்'. அதை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த பென் ஷார்ப். தன் இசைக்கு அவர் வைத்த பெயர் 'கிளவுட்கிக்கர்'. கேட்டால் ஒரு குழுவின் பெயர்போல் இருக்கும். குழு கிடையாது, அவர் ஒருவர்தான். நான் தட்டிய அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

முதலில் மெட்டல் இசையின் பிறப்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் பர்மிங்காம் ஒரு தொழில் நகரம். அங்கே தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன், வேலையை விட்டுப் போகவிருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டார். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே கிட்டாரின் கழுத்தில் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். அவர் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பிபோல் செய்துகொண்டார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னாளில் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினார். சுருதி இறங்கி, ஒலி கனத்தது. அவர் இருந்த பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. மெட்டல் இசையின் பிறந்த நாளாகப் பலர் குறிப்பது அந்தத் தேதியைத்தான்.

அந்த ஆல்பத்தை நான்கு பேரும் லண்டனில் ஒரு ஸ்டுடியோவில், ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்து முடித்தார்கள். நான்கு பேர் வேண்டும், ஒலியைப் பெருக்கும் பெரிய ஆம்ப் பெட்டிகள் வேண்டும், பக்கத்து வீட்டார் அடிக்க வராத ஒரு கூடம் வேண்டும், ஸ்டுடியோ வாடகை கட்ட ஒரு நிறுவனம் வேண்டும். இத்தனையும் கூடினால்தான் மெட்டல். பல ஆண்டுகள் ஏறக்குறைய இதுதான் நிலைமை. கூட்டு முயற்சியும் பெருஞ்சத்தமும் இல்லாமல் இந்த இசையை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

பிறகு ஒவ்வொரு தேவையாகக் கழன்றது. 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். ஒரு தடத்தில் கிட்டார் வாசித்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் பேஸ் வாசிக்கலாம். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' வந்தது. பெரிய ஆம்ப் பெட்டியின் குரலை ஒரு கையடக்கக் கருவி போலச் செய்தது. ஆம்ப் பிரச்சினை தீர்ந்தது. மிச்சம் இருந்தது டிரம்ஸ். அதுதான் பெரிய தடை. டிரம்ஸ் வாசிக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும், எட்டுப் பத்து மைக்குகள் வேண்டும்.

சுவீடனின் மெஷுகா என்ற மெட்டல் குழுவைச் சேர்ந்த தாமஸ் ஹாக்கே உலகம் மதிக்கும் டிரம்ஸ் கலைஞர். அவர் அடித்த அடிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து உருவாக்கிய ஒலித் தொகுப்பு ஒன்று உண்டு. 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' என்று பெயர். கணினியில் அந்த அடிகளைக் கோத்து யாரும் ஒரு தாளத்தை அமைக்கலாம். மெஷுகாவே தனது 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்தின் டிரம்ஸை இந்த முறையில் கணினியில் அமைத்து 2005இல் வெளியிட்டது. அத்தனை பெரிய டிரம்ஸ் கலைஞரைக் கொண்ட குழுவே அப்படிச் செய்தபோது, டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடைக்காத இளைஞர்கள் பலருக்கு ஒரு தயக்கம் விலகியது.

இயந்திரம் செய்கிறது, இவர்கள் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கணினியில் ஒவ்வொரு அடியும் எங்கே விழ வேண்டும், எவ்வளவு வலுவோடு விழ வேண்டும் என்று எண்ணால் குறிக்க வேண்டும். வலுவுக்கு 1 முதல் 127 வரை எண்கள். எல்லா அடிக்கும் 127 கொடுத்தால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் கேட்கும். மனிதக் கை ஓங்கும், தளரும், இரண்டு பலத்த அடிகளுக்கு நடுவே காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு சிறு தட்டு தட்டும். அத்தனையையும் உட்கார்ந்து எழுத வேண்டும். மூன்று நிமிட இசைக்கு ஆயிரக்கணக்கான அடிகள்.

கிட்டாரிலும் அப்படித்தான். திரும்பத் திரும்ப வரும் ஒரு சொற்கட்டை அவர்கள் 'ரிஃப்' என்பார்கள். ஒரே ரிஃபை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் வைப்பார்கள். முதல் பதிவையே நகலெடுத்து மறுபக்கம் வைத்தால் அந்த அகலம் வராது. இரண்டாம் தடவை வாசிக்கும்போது கை மயிரிழை மாறும். அந்த மயிரிழை வேறுபாடுதான் நம் முன்னால் ஒரு சுவர்போல் எழுந்து நிற்கிறது. தன்னோடு தானே சேர்ந்து வாசிப்பது எளிதல்ல. தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, அழித்து, மறுபடி வாசிக்க வேண்டும். 'போதும்' என்று சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை, 'இன்னொரு தடவை' என்று சொல்லவும் ஆள் இல்லை.

தாளக் கணக்கையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறேன். நம் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கிட்டார் ஏழு மாத்திரைச் சொற்கட்டை விடாமல் சுற்றும். டிரம்ஸின் சிம்பல் நான்கு நான்காகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு விலகும், இருபத்தெட்டாவது மாத்திரை முடிந்ததும் ஒரே இடத்தில் வந்து விழும். கோர்வை முடிந்து சமத்தில் வந்து நிற்கும்போது நாம் தலையசைப்போம் அல்லவா? மெட்டல் ரசிகர்கள் தலையை ஆட்டுவதும் அப்படியொரு இடத்தில்தான். தலைவர் அவர்களே, சத்தத்தில் கேட்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என் பதில்: கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு மறந்துபோகும்படி செய்யும் உணர்ச்சியும் இருக்கிறது.

இப்போது இந்தக் காட்சியை மனத்தில் கொண்டுவாருங்கள். நள்ளிரவு. வீடு உறங்குகிறது. ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் காதுக்குள் இடி முழங்குகிறது. அடுத்த அறையில் படுத்திருப்பவருக்குக் கேட்பதோ, ஆம்ப் இல்லாத வெறும் தந்தியை நகம் சுரண்டும் ஓசை மட்டும். உலகத்தின் மிகப் பெரிய சத்தத்தை உண்டாக்கும் இசை, இன்று பல வீடுகளில் இவ்வளவு அமைதியாகப் பிறக்கிறது.

தனியாளாக மெட்டல் செய்யும் வழக்கம் கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. சுவீடனின் பாத்தரி என்ற பெயருக்குப் பின்னால் இருந்த குவார்த்தான், கார் நிறுத்தும் கொட்டகையை ஸ்டுடியோவாக மாற்றிப் பதிவு செய்தவர். 2004இல் மறைவதற்கு முன் வந்த கடைசி ஆல்பங்களில் எல்லாக் கருவிகளையும் அவரே வாசித்தார். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றி, பனாப்டிகான் என்ற பெயரில் ஆஸ்டின் லன் பெரும்பாலும் தனியாகவே 'கென்டக்கி' என்ற ஆல்பத்தை 2012இல் செய்தார். மெட்டலின் உறுமலுக்கு நடுவே அந்த மலைநாட்டின் பாஞ்சோவும் ஃபிடிலும் வருகின்றன. நிலக்கரித் தொழிலாளியின் பழைய போராட்டப் பாடல்களும் வருகின்றன. இப்படி ஒரு கலவையைச் செய்ய ஒரு குழுவில் எத்தனை பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கும்! தனியாக இருந்தவர் தன் மனத்தை மட்டும் சம்மதிக்க வைத்தார்.

ஆனால் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனிமை எல்லாரையும் உயர்த்திவிடாது. நார்வேயில் புர்சும் என்ற பெயரில் தனியாளாக இசை செய்தவர், 1993இல் சக இசைக்கலைஞர் ஒருவரைக் குத்திக் கொன்றார். அடுத்த ஆண்டு 21 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இனவெறிக் கருத்துகளையும் பரப்பினார். அவருடைய இசை பலரைப் பாதித்தது என்பது வரலாறு. அதற்காக அந்த நஞ்சை நாம் விழுங்க வேண்டியதில்லை. ஒருவர் தனியாக இருந்தார் என்பதற்காக அவரை வணங்கச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. அந்தத் தனிமையிலிருந்து அவர் நமக்கு என்ன எடுத்து வந்தார் என்று பார்க்கச் சொல்கிறேன்.

பென் ஷார்ப் எடுத்து வந்ததைப் பார்ப்போம். 2008இல் 'தி டிஸ்கவரி'. 2010இல் 'பீக்கன்ஸ்'. 2011இல் 'லெட் யுவர்செல்ஃப் பீ ஹ்யூஜ்'. அதில் கனத்த கிட்டாரைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, மென்மையான தந்திகளோடு உட்கார்ந்துவிட்டார். 2012இல் 'ஃபேட்'. 2013இல் 'சப்ஸ்யூம்'. ரசிகர்கள் 'பீக்கன்ஸ்' மாதிரி இன்னொன்று வேண்டும் என்று காத்திருந்த நேரத்தில், மெட்டலே இல்லாத ஓர் ஆல்பத்தை அவரால் கொடுக்க முடிந்தது. இந்த இசையை விற்றுத்தான் அவர் வீட்டு வாடகை கட்ட வேண்டும் என்ற நிலை இல்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. வேலை முடிந்து வந்த நேரத்தில் இசை செய்தார். 'போன தடவை விற்றதையே திரும்பச் செய்' என்று சொல்ல எந்த நிறுவனமும் அவர் தலைமேல் இல்லை.

'பீக்கன்ஸ்' ஆல்பத்தில் பாடல் வரிகள் இல்லை என்றேன். இருக்கும் சொற்கள் தலைப்புகளில் மட்டுமே. அந்தத் தலைப்புகளில் சில மிக எளிமையான பேச்சு வாக்கியங்கள். முதலில் படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது: விபத்துக்குள்ளான விமானங்களில், விமானிகளின் அறையில் கடைசி நேரத்தில் பதிவான பேச்சிலிருந்து எடுத்தவை அவை. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டேன். அதே இசைதான். ஆனால் டிரம்ஸின் ஒவ்வொரு ஓட்டமும் ஒருவர் கடைசிவரை கைவிடாமல் போராடும் துடிப்பாகக் கேட்டது. ஒரு பாடகர் அழுதிருந்தால்கூட அவ்வளவு நெஞ்சை அடைத்திருக்காது. பீக்கன் என்றால் தூரத்தில் இருப்பவருக்கு இருப்பிடத்தைக் காட்டும் சைகை விளக்கு. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒருவர் அனுப்பும் ஒளி. அப்படிப்பட்ட ஒன்றைச் செய்துவிட்டு, விலைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விட்டார் அந்த மனிதர்.

இந்த இடத்தில் 'இலவசம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சோப்பு வாங்கினால் டம்ளர் இலவசம் என்கிறோம். அந்த டம்ளரின் விலை சோப்புக்குள் இருக்கிறது. அங்கே யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. கொடை வேறு. கொடையில் கொடுப்பவர் மனமறிந்து கொடுக்கிறார். அவர் சம்மதம்தான் அதன் உயிர்.

மெட்டல் இசையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1980களில் ரசிகர்கள் கேசட்டுகளை நகலெடுத்து நாடு விட்டு நாடு தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். மெட்டாலிகா குழு 1982இல் செய்த டெமோ கேசட் அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் பரவியது. முதல் ஆல்பம் வருமுன்பே அவர்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அதே மெட்டாலிகா 2000 ஏப்ரலில், இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர வழி செய்த நாப்ஸ்டர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. தங்கள் பாட்டைப் பகிர்ந்த மூன்று லட்சத்து முப்பத்தைந்தாயிரம் பயனர் பெயர்களை அந்த நிறுவனத்திடம் கொடுத்தது. அன்று ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. இன்று யோசித்தால் அவர்கள் பக்கமும் நியாயம் தெரிகிறது. இன்னும் வெளியாகாத, முடிவடையாத ஒரு பாட்டு அவர்கள் கையை மீறி வெளியே போயிருந்தது. 1982இல் அவர்கள் கொடுத்தார்கள். 2000இல் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டிலும் கேட்பவர் காசு கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று கொடை, மற்றது பறிப்பு.

2007 அக்டோபரில் ரேடியோஹெட் குழு, விரும்பிய விலை தரலாம் என்று ஓர் ஆல்பத்தை இணையத்தில் வெளியிட்டது. 2008 மே மாதம் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழு ஓர் ஆல்பத்தை முற்றிலும் இலவசமாகவே கொடுத்தது. உலகமே எழுதியது, பேசியது. அவர்கள் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. கொலம்பஸ் நகரத்து மனிதருக்கு எந்தப் பெயரும் இல்லை. யார் கேட்பார்கள், கேட்பார்களா என்றுகூடத் தெரியாத நிலையில் கொடுப்பதற்கு வேறு மாதிரியான நம்பிக்கை வேண்டும்.

பென் ஷார்ப் இன்னொன்றும் செய்தார். தன் இசையைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிட்டார். இந்த உரிமம் உங்களுக்குப் புதிதல்ல. தமிழ் விக்கிப்பீடியாவில் நாம் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் இந்த உரிமக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வெளிவந்தன. 'என் பெயரைச் சொல்லுங்கள், நான் வைத்த நிபந்தனையை மதியுங்கள், பிறகு நகலெடுக்கலாம், பகிரலாம், என்னிடம் கேட்டு நிற்க வேண்டாம்' என்று படைத்தவரே முன்கூட்டி எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு அது. கேசட் நகலெடுத்த அந்தக் காலத்து ரசிகருக்கு இருந்த உறுத்தல் இந்தக் காலத்து ரசிகருக்கு வேண்டாம் என்று படைத்தவரே சொல்லிவிட்டார்.

கொடையின் பலன் திரும்பி வந்ததா? வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் இன்ட்ரோநாட் என்ற மெட்டல் குழு, இவர் தனி அறையில் செய்த இசையைக் கற்றுக்கொண்டு, 2014இல் இவரோடு சேர்ந்து மேடைகளில் வாசித்தது. அந்தச் சுற்றுப்பயண வாசிப்பு தனி ஆல்பமாகவும் வந்தது. கணினியில் எண்ணால் எழுதிய டிரம்ஸை ஒரு மனிதர் கையாலும் காலாலும் வாசித்தார். அதுவரை பென் ஷார்ப் அந்த இசையோடு மேடை ஏறியதில்லை. தனியாக எழுதியதைப் பலர் சேர்ந்து வாசிப்பதை அவர் நடுவில் நின்று கேட்டிருப்பார். இசைக்கலைஞனுக்கு இதைவிட வேறு என்ன சம்பளம் வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

நண்பர்களே, அப்படிக் கேட்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். சம்பளம் வேண்டும். இசையையே தொழிலாகக் கொண்டவருக்கு அரிசியும் பருப்பும் புகழால் வராது. பென் ஷார்ப் கொடுத்தார், நீயும் கொடு என்று இன்னொரு கலைஞரிடம் யாராவது சொன்னால் அது கொடையைக் கேவலப்படுத்துவது. கேட்டு வாங்கினால் அது கொடையாகாது, வரியாகிவிடும். தன் உழைப்புக்கு விலை வைக்கும் கலைஞர் எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. வேறு வருமானம் இருந்ததால்தான் இவரால் கொடுக்க முடிந்தது. இந்த உண்மையை மறந்துவிட்டுக் கொடையைப் புகழ்ந்தால், வேறு வருமானம் இல்லாதவர்களுக்கு நாம் அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

கொடுப்பதற்கும் செலவு உண்டு. நான் பூஜ்யம் தட்டிய பக்கம் இருந்தது, கலைஞர்கள் நேரடியாக விற்கவும் கொடுக்கவும் 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில். அது மாதம் 200 இலவசப் பதிவிறக்கங்களை அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் கலைஞர்தான் அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். விற்பனையாகும் டிஜிட்டல் இசையில் நூற்றுக்குப் பதினைந்து தளத்துக்குப் போகும். கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது பத்தாகும். ஆக, நான் பூஜ்யம் தட்டிய அன்று என் செலவு பூஜ்யமாக இருந்திருக்கலாம். அவருடைய செலவு பூஜ்யமாக இருந்திருக்காது. அவர் செலவழித்த இரவுகளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

அந்தத் தளமும் நிலையானதா? கொரோனா ஊரடங்கில் மேடைகள் மூடியபோது, 2020 மார்ச் 20 அன்று ஒரு நாள் முழுக்கத் தன் பங்கை விட்டுக்கொடுத்தது பேண்ட்கேம்ப். அன்று ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலர் செலவிட்டார்கள். மனம் நெகிழ்ந்த நாள் அது. இரண்டே ஆண்டில், 2022இல், அந்தத் தளம் ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2023இல் மறுபடி கைமாறியது. ஊழியர்களில் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். இன்று தளம் இயங்குகிறது. ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் திண்ணை இன்னொருவருடையது என்பதை அந்த ஆண்டுகள் நமக்குக் காட்டிவிட்டன.

இதைவிடப் பெரிய இழப்பும் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் இளைஞர்கள் தங்கள் இசையை மைஸ்பேஸ் தளத்தில்தான் ஏற்றினார்கள். 2019இல் செய்தி வந்தது: சேவையகத்தை மாற்றும்போது, 2003 முதல் 2015 வரை ஏற்றிய இசைக் கோப்புகள் அழிந்துபோயின. ஐந்து கோடிப் பாட்டுகள் போயிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். தனி அறைகளில் எத்தனை இரவுகள்! எத்தனை பேருடைய முதல் ரிஃப், முதல் டிரம்ஸ்! ஒரு நிறுவனத்துப் பெட்டியில் மட்டும் இருந்தவை போய்விட்டன. எங்கோ யாரோ ஒரு பிரதி வைத்திருந்தவை மட்டும் பிழைத்தன.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. நம் பழைய நூல்கள் எழுதியவரால் மட்டும் பிழைக்கவில்லை. ஓலை செல்லரிக்கும் முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்தெழுதினார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அந்தப் பெயர் தெரியாத கைகள் ஓய்ந்திருந்தால், இந்த நூலகத்தின் பாதி அலமாரிகள் காலியாக இருக்கும். காலியாக விடப்பட்ட விலைக் கட்டமும் நகலெடுக்க அனுமதிக்கும் உரிமமும் நம்மை அந்தப் பெயர்த்தெழுதியவரின் இடத்தில் உட்கார வைக்கின்றன. கொடுத்தவர் ஒருவர். காக்க வேண்டியவர்கள், வாங்கிக்கொண்ட நாம்.

ஆகவே மாணவர்களிடம் என் வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். உங்களில் பலர் தினமும் யாரோ ஒருவர் கொடுத்த இசையைக் கேட்கிறீர்கள். மெட்டலோ கானாவோ வேறு எதுவோ. ஓடிக்கொண்டே அரை நிமிடம் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். ஒருநாள் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். அவர் அதை அந்த வரிசையில்தான் வைத்தார். நண்பருக்கு அனுப்பும்போது செய்தவரின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். அவர் அனுமதி கொடுத்திருந்தால் பதிவிறக்கி, உங்கள் வட்டில் ஒரு பிரதி பத்திரமாக வைத்திருங்கள். இன்று மாணவராக இருக்கும் நீங்கள் பூஜ்யம் தட்டுவதில் தவறே இல்லை. அவர் அதற்காகத்தான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய பிறகு, ஒருநாள் திரும்பிப் போய் ஒரு தொகை எழுதுங்கள்.

இந்தச் சொற்பொழிவுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது நானும் திரும்பிப் போனேன். 'பீக்கன்ஸ்' பக்கம் அங்கேயே இருந்தது. கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. இந்த முறை நான் பூஜ்யம் எழுதவில்லை.